நார்பர்ட்டின் நான்காம் இடம்

நார்பர்ட் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேஸ்பால் கையுறைக்கு வார் கோத்துக்கொண்டிருந்தான். இற்றுப்போன பழைய வாரை உருவி எறிந்துவிட்டு, புது வாரின் நுனியை ஒரு வளைந்த கம்பியில் மாட்டி, ஓட்டை ஓட்டையாக நுழைத்து இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் உதட்டைக் கடித்தான். பால் லாரிக்காரனின் விரல்கள் தடித்தவை. ஆனாலும் இந்த வேலையை அவன் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அவன் வலது காலை இன்னொரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, தையல் டேப்பால் முட்டியை அளந்துகொண்டிருந்தேன் நான். இடது முட்டி பதினைந்து அங்குலம். வலது பதினேழே கால்.

"எவ்வளவு, அத்தை?"

"பதினேழே கால்."

"போன வாரம் பதினேழரை. குறைஞ்சிருக்கு பாரு."

"போன வாரம் சாயங்காலம் வந்தே. இப்ப மத்தியானம். சாயங்காலம் மறுபடி வா, பதினேழரை ஆயிடும்."

அவன் சிரிக்கவில்லை. வாரைக் கவனித்தான்.

நான் அவன் அப்பாவின் தங்கை. எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டு வருடம் செவிலியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். எத்தனையோ முட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தது. மடக்கினால் சரளைக்கல்லில் வண்டி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் என் உள்ளங்கையில் கேட்டது. அவனுக்கு நாற்பத்தைந்து வயது. அந்த முட்டிக்கு எழுபது.

சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்தது.

"அது க்ளீட்டஸ்தான்," என்றான் நார்பர்ட். கை நின்றுவிட்டது. "கேப்பான், அத்தை. தாங்கும்னு சொல்லு."

"தாங்காதே."

"ஒரே ஒரு ஆட்டம். நாளைக்கு ஜெயிச்சா மாநிலப் போட்டி. அதுக்கப்புறம் இந்தக் காலை வெட்டி அடுப்புல போட்டாலும் கேக்க மாட்டேன்."

க்ளீட்டஸ் எங்கள் ஊர் பேஸ்பால் குழுவின் மேலாளர். நார்பர்ட்டின் மனைவி ஆர்லீனுக்குத் தம்பி. தானியக் கிடங்கில் வேலை. வார்த்தையை அளந்து பேசுகிறவன்.

"ஹில்டிம்மா, நேராச் சொல்லுங்க. வைக்கோல் கட்டுற இடத்துல என் ஆளு ஒருத்தன் கட்டை விரலை ஒடிச்சுக்கிட்டான். நாளைக்கு மட்டை அடிக்க மட்டும் ஒருத்தன் வேணும். ஒண்ணு பத்தொன்பது வயசு கைல், இல்லேன்னா மச்சான். பந்து பிடிக்க வேண்டாம், அடிச்சிட்டு ஓடினா போதும். அந்த முட்டி ஓடுமா?"

நார்பர்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அம்மை போட்டு என் வீட்டில் கிடந்தபோதுகூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"ஓடும்," என்றேன். "நல்லாக் கட்டி அனுப்பறேன்."

நோயாளி கெஞ்சினால் மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்தார்கள் என்பதற்காக எத்தனை இளம் செவிலிகளை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அன்று அதைத்தான் நானே செய்தேன்.

* * *

அவனுக்கு அந்த ஒரு ஆட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் செயின்ட் ஓடிலியா குழு மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது நார்பர்ட் புதிதாகச் சேர்ந்தவன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சருக்கு மாற்று ஆள். கேட்சராக இருந்தவர் அலாய்ஸ், நாற்பதைத் தாண்டிய தச்சர். மூன்று ஆட்டத்திலும் அவரே நின்றார். நார்பர்ட் மூன்று ஆட்டத்திலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சீருடையில் தூசிகூடப் படாமல் வீடு திரும்பினான். அடுத்த வருடத்திலிருந்து இடம் அவனுக்கு வந்தது. அன்று முதல் மட்டை வரிசையில் நான்காவது ஆள் அவன்தான். பலசாலிக்குரிய இடம் அது. முன்னே போன மூன்று பேரில் யாராவது ஓடிப்போய் வழியிலுள்ள மூன்று பேஸ்களில் ஒன்றில் நின்றால், ஓங்கி அடித்து அவர்களைத் தொடங்கிய இடமான 'வீட்டுக்கு'க் கொண்டுவந்து ரன் எடுக்க வேண்டியவன் நான்காமவன். முட்டி கெட்டதும் கேட்சர் வேலையை விட்டு முதல் பேஸுக்கு வந்தான். ஆனால் நான்காம் இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வருடம், எண்பத்தொன்பதில், அதுவும் போயிற்று. மே மாதம் க்ளீட்டஸ், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால் இரண்டாவதில் அவனை உட்கார வைத்தான். ஜூனில், இடது கையால் பந்து வீசுகிறவர்கள் வரும்போது மட்டும் ஆடு என்றான். எங்கள் வட்டாரத்தில் இடது கைக்காரர்களே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் பல் டாக்டர். ஜூலையில் முதுகு பிடித்துக்கொண்டு அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். நார்பர்ட்டின் வேலையில் பாதி அதோடு போயிற்று.

உட்காரச் சொன்ன நாளில் அவன் உட்காரவில்லை. ஆட்டம் முழுக்க ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையின் வாசலில் நின்றான். தண்ணீர் ஜாடியை நிரப்பினான். உதைபட்ட சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பப் போட்டான். வெளியே போன பந்துகளைத் தேடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். எங்கள் மைதானத்தின் வலது வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம்தான். எதிர் ஊர்க்காரர்கள் கத்துவார்கள்:

"என்னப்பா, அங்கயே இடம் பாத்துட்டு வர்றியா?"

ஆர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிய வாய். ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டே விட்டாள்.

"அலாய்ஸ் எனக்கு ஒரு இன்னிங்ஸ்கூட விட்டுக் குடுக்கலைன்னு இருபத்திரண்டு வருஷமா என் காதுல ஓதினியே. இப்ப யாரு அலாய்ஸ்?"

"அவருக்கு அடிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அவரும் இதையேதான் சொல்லியிருப்பாரு, அவரு பொண்டாட்டிகிட்ட."

அவன் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் புல் வெட்டினான். வீட்டுப் புல்லை அல்ல, மைதானத்துப் புல்லை.

* * *

ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அவன் முட்டியைக் கட்டினேன். மீள்கட்டு இரண்டு சுற்று, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் இன்னொரு சுற்று. இரண்டு மணிக்கு ஆட்டம். பர்க்டேல் ஊர்க்காரர்கள் ஒரு பேருந்து நிறைய வந்திறங்கினார்கள். ஜெயிக்கிறவர் மாநிலப் போட்டிக்கு, தோற்கிறவர் வைக்கோலுக்கு.

நான் கம்பி வலைக்குப் பின்னால் என் மேசையில் உட்கார்ந்தேன். ஸ்கோர் நோட்டு எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். க்ளீட்டஸ் வரிசைச் சீட்டை நடுவரிடம் கொடுத்தான். ஒரு நகலை எனக்குக் கொடுத்தான். இன்னொன்றைக் கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் குத்தினான். பிறகு உரக்கப் படித்தான்.

"டேரன் நாலு... மச்சான் ஏழு. கேட்டுச்சா, மச்சான்? ஏழு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றான் நார்பர்ட். மட்டையின் பிடியில் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அந்த ஆணியில் தொங்கும் சீட்டை அவன் ஒருநாளும் போய்ப் பார்த்தது கிடையாது. பார்க்கத் தேவை இருந்ததில்லை.

டேரன் வூர்ட்ஸுக்கு இருபத்து நாலு வயது. பால் பண்ணைக்காரன். தோள் அகலம், பேச்சு கம்மி. முதல் பேஸில் நார்பர்ட்டின் இடத்தில் இப்போது அவன்தான் நின்றான். மட்டை வரிசையில் நான்காம் இடமும் அன்று அவனுடையது.

முதல் இன்னிங்ஸில் பர்க்டேல் ஒன்றும் எடுக்கவில்லை. எங்கள் முறை வந்தது. முதல் ஆள் நான்கு தப்புப் பந்துகளால் முதல் பேஸுக்குப் போனான். இரண்டாமவன் அடித்து அவனும் பேஸில் நின்றான். மூன்றாமவன் மேலே தூக்கி அடித்து அவுட் ஆனான். இரண்டு பேர் பேஸில். ஒரு அவுட்.

நார்பர்ட் எழுந்து நடந்தான்.

இருபத்தொரு வருடமாக அந்த நேரத்தில் நடந்த அதே நடை. மட்டையைத் தோளில் போட்டு, இடது கையால் ஹெல்மெட்டை ஒரு அழுத்து அழுத்தி, கல்லறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய் நின்றான். மூன்றாவது ஆள் முடித்ததும் நான் போக வேண்டும் என்பது அவன் காலுக்குத் தெரியும். ஏழு என்று காதுக்குச் சொன்னதைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை.

டேரன் கையில் மட்டையோடு கொட்டகைப் படியில் நின்றிருந்தான். நார்பர்ட் தாண்டிப் போனதும், ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். க்ளீட்டஸ் மூன்றாவது பேஸ் அருகே முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டக்காரனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கும் தெரியும். எங்கள் ஊரில், ஒரு பெரிய மனிதன் தப்பான பெஞ்சில் முழங்காலிட்டால், பூசை முடியும்வரை மற்றவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். 'இது எங்க இடம்' என்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கும் தெரியும். என் முன்னால் சீட்டு இருந்தது. ஆனால் வரிசை தவறினால் ஸ்கோர் எழுதுகிறவர் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. அது விதி. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருமக்கூட இல்லை.

இரண்டாவது பந்தை அவன் அடித்தான். அந்தச் சத்தம் கல்லறையில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும். பந்து இடது பக்க மூலையில் வேலியில் மோதி உருண்டது. இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். இரண்டு ரன். நார்பர்ட் நொண்டிக்கொண்டே இரண்டாவது பேஸுக்குப் போய் நின்று, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிச் சிரித்தான். ஆர்லீன் எழுந்து நின்று கத்தினாள். சாசேஜ் சுடுகிற கடையிலிருந்து ஃபாதர்கூட ஏப்ரனோடு வெளியே வந்தார்.

பர்க்டேல் மேலாளர் ஆம்புரோஸ், கோழிப்பண்ணைக்காரர், பான்ட் பைக்குள் கை விட்டபடி மெதுவாக நடுவரிடம் போனார். அவரும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார். அடி விழாமல் போயிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். அடி விழுந்த பிறகு, அடுத்த பந்து வீசுவதற்குள் சொன்னால் போதும்.

"ஐயா, சீட்டுல நாலாவது பேரு யாருன்னு கொஞ்சம் படிங்களேன். கண்ணாடி கொண்டு வரலை நான்."

நடுவர் படித்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினார். "வூர்ட்ஸ், அவுட்!"

"நான் இங்கதான உக்காந்திருக்கேன்!" என்றான் டேரன். பர்க்டேல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முறையான ஆள் அடிக்காமல் வேறொருவன் அடித்தால், முறையான ஆள்தான் அவுட். அடித்த அடி செல்லாது. ஓடினவர்கள் பழைய பேஸுக்குத் திரும்பிப் போனார்கள். இரண்டு ரன்னையும் நான் அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது. நார்பர்ட் இரண்டாவது பேஸிலேயே நின்றான். நடுவர் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தான்.

"என்ன தாத்தா, மருந்து சாப்பிட மறந்துட்டீங்களா?" என்று பர்க்டேல் கேட்சர் கேட்டான்.

கொட்டகையில் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் தூணருகே போய், ஆணியில் இருந்த சீட்டை முதல்முறையாகப் படித்தான். முதலிலிருந்து கடைசிவரை படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் தன் முறையில், ஏழாவதாக, மூன்று தடவை மட்டை பிடித்தான். ஒன்றும் விழவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசியில் பர்க்டேல் நான்கு, நாங்கள் மூன்று. அந்த இரண்டு ரன் இருந்திருந்தால் நாங்கள் ஏற்கெனவே கைகுலுக்கிவிட்டு பியர் குடித்துக்கொண்டிருப்போம். இரண்டு அவுட். மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன். அடுத்தது ஏழாவது பெயர்.

க்ளீட்டஸ் அவனிடம் வந்தான். வலைக்கு அருகே என்பதால் எனக்குக் கேட்டது.

"மச்சான், கைல் இருக்கான். உனக்கு என்ன தோணுது?"

"ஓடும்."

"அடிக்கிறதைப் பத்திக் கேக்கலை. ஓடறதைப் பத்தித்தான் கேக்கறேன்."

"அதான் சொல்றேன், ஓடும்."

க்ளீட்டஸ் வலை வழியாக என்னைப் பார்த்தான். விதி வரிசையைப் பற்றித்தான் பேசக் கூடாது என்கிறது. முட்டியைப் பற்றிப் பேசலாம். நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

நார்பர்ட் முதல் பந்தையே அடித்தான். நல்ல அடியில்லை, மோசமான அடியுமில்லை. பந்து தரையில் தாவித் தாவி இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள் ஓடியது. பர்க்டேல் ஆள் பாய்ந்து, முழங்காலில் விழுந்து பிடித்து, விழுந்தபடியே எறிந்தான். சாதாரணக் கால் உள்ளவன் யாராக இருந்தாலும் பேஸைத் தொட்டு, அங்கிருந்து திரும்பிப் பார்த்திருப்பான். நார்பர்ட் எட்டாவது அடியில் வலது காலை ஊன்றினான். கால் பக்கவாட்டில் போயிற்று. விழவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தான். பந்து ஒரு அடி முன்னால் போய்ச் சேர்ந்தது.

அவுட். அது மூன்றாவது அவுட் என்பதால் மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்தவனின் ரன்னும் செல்லாது. ஆட்டம் முடிந்தது. நான் பென்சிலை வைத்தேன்.

* * *

சாசேஜ் கடை ஓரத்தில் அவன் ஒரு பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் ஐஸ் கட்டினேன். ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

"நல்ல அடி, நார்ப், அந்த முதல் அடி."

"என்ன ஒரு அடி!"

"அடின்னா அது அடி."

பதினொரு பேர். எண்ணினேன், வேறு வேலை இல்லை. 'ஏன்யா சீட்டைப் பார்க்கலை' என்று ஒருவரும் கேட்கவில்லை. டேரனும் வந்தான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நல்ல அடி, அண்ணே."

நார்பர்ட் அவனைப் பார்த்தான். டேரன் போய்விட்டான்.

"பாத்தியா, அத்தை? அவனைத் தாண்டிப் போனேன். அவன் மூக்குக்கு முன்னாடி போனேன். அவன் கையில மட்டை இருந்துச்சு. அதைப் பாத்தேன். பாத்தும் எதுக்குன்னு யோசிக்கலை."

"காலை ஆட்டாதே."

"அலாய்ஸாவது எனக்கு இடம் விடலை. நான் குடுத்த இடத்தைத் திருப்பிப் பிடுங்கிட்டேன்."

"இடம் நீ குடுக்கலை. க்ளீட்டஸ் குடுத்தான். காலை ஆட்டாதே."

முப்பத்தெட்டு வருடம் நான் செய்த வேலையில் ஆறுதல் என்பது சுத்தமான படுக்கை விரிப்பு. அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

* * *

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆர்லீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். முட்டி முலாம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது, கிளட்சை மிதிக்க முடியவில்லை, ஆனால் பால் எடுக்கப் போயே தீருவேன் என்கிறான் என்றாள். மாடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் தோற்றார்கள் என்று தெரியாது. பண்ணைத் தொட்டிகள் நிறைந்திருக்கும், எடுக்காவிட்டால் பாலைச் சாக்கடையில்தான் விட வேண்டும். ஊரில் லாரி உரிமம் உள்ள இன்னொருவன் க்ளீட்டஸ். கிடங்கில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவன் வந்தான். பண்ணைகளுக்கு வழி காட்ட நார்பர்ட். அவன் லாரியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள நான். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது மைலில் க்ளீட்டஸ் கியர் கம்பியை நோக்கிக் கை நீட்டினான்.

"ஹில்டிம்மா, கொஞ்சம் நகருங்க. கியர் போடணும்."

"எங்க நகர? உன் மச்சான் மடியிலயா?"

"அவன் மடியில ஐஸ் பை இருக்கு. சில்லுன்னு இருக்கும்."

நார்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. முதல் பண்ணையில் பால் ஏற்றி முடித்துச் சாலைக்குத் திரும்பியதும் நான் சொன்னேன்.

"க்ளீட்டஸ், சனிக்கிழமை நான் உன்கிட்ட பொய் சொன்னேன். அந்த முட்டி ஓடாதுன்னு எனக்குத் தெரியும். மே மாசத்துலருந்து தெரியும்."

அவன் லாரியை ஓரம் கட்டினான். இன்ஜினை நிறுத்தவில்லை.

"மே மாசத்துலருந்து."

"ஆமா."

"நான்தான் சொல்லச் சொன்னேன், மாப்ளே," என்றான் நார்பர்ட்.

"நீ கேப்பே. நீ கேக்காம இருந்தாத்தான் அதிசயம். உன் பேச்சை நம்பக் கூடாதுன்னுதானே அவங்களுக்கு ஃபோன் பண்ணேன்." அவன் என் பக்கம் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தே பேசினான். "நர்ஸ் வார்த்தையை நம்பாம நான் யார் வார்த்தையை நம்பறது, ஹில்டிம்மா? நேத்து ஒன்பதாவது இன்னிங்ஸ்ல உங்களைப் பாத்தேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க."

"நீ பாத்ததைப் பாத்தேன்."

"கைலை அனுப்பியிருப்பேன்."

"தெரியும்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். அது சரி என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா, இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரி நகர்ந்தது.

நான்காவது பண்ணை டேரன் வூர்ட்ஸுடையது. நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நார்பர்ட் கதவைத் திறந்து, இடது காலில் இறங்கி, லாரியைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குள் போனான். நான் பின்னால் ஓடினேன். எழுபத்தொரு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. டேரன் கறவை இயந்திரத்தின் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க, அண்ணே. கால் எப்படி இருக்கு? நேத்து அந்த முதல் அடி—"

"அதைச் சொல்லாதே."

டேரன் நிறுத்தினான்.

"நேத்து நான் உன்னைத் தாண்டிப் போனப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

"க்ளீட்டஸ் அண்ணன் மாத்திட்டாரோன்னு..."

"நிஜத்தைச் சொல்லு."

டேரன் குழாயைக் கீழே போட்டான். கழுத்து சிவந்தது. "மாத்தலைன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது, அண்ணே? நான் எட்டு வயசுல வேலிக்கு வெளியில நின்னு உங்களைப் பாத்தவன்."

"என்ன சொல்லியிருக்கணும் நீ?"

"அண்ணே, விடுங்க."

"என்ன சொல்லியிருக்கணும்?"

டேரன் என்னைப் பார்த்தான். இந்த முறை நான் குனிந்துகொள்ளவில்லை. சொல்லு என்று தலையசைத்தேன்.

"இது என் முறைன்னு," என்றான். குரல் எழும்பவில்லை.

"சொல்லு."

"இது என் முறை, நார்ப் அண்ணே."

"கேக்கலை. அங்க ரெண்டாயிரம் பேரு கத்திக்கிட்டிருந்தாங்க."

"அறுநூறு பேருதான் இருந்தாங்க, அண்ணே."

"சொல்லுடா!"

"இது என் முறை! போய் உக்காருங்க!"

கடைசியில் நின்ற மாடு ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. தூணைப் பிடித்திருந்த நார்பர்ட்டின் கை வெளுத்திருந்தது.

"ஆமா," என்றான். "உன் முறைதான். நான் எடுத்துக்கிட்டேன். அந்த இடம் உன்னோடது, போட்டியும் உன்னோடது. எனக்கு எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியலை."

டேரன் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அதற்காக அவனை நான் மெச்சினேன். அவன் வந்து நார்பர்ட்டின் வலது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். இருவருமாக அவனை லாரிக்குக் கொண்டுபோனோம். ஏற்றும்போது நார்பர்ட் என்னைக் காலைத் தூக்கவிட்டான். பிறர் முன்னால் வழக்கமாக விடமாட்டான்.

க்ளீட்டஸ் பாலை ஏற்றி முடித்துக் குழாயைச் சுருட்டினான். ஐந்தாவது பண்ணைக்குப் போகும் வழியில் நார்பர்ட் சொன்னான்:

"கைலுக்குக் கை நீளம். முதல் பேஸுக்குப் பழக்கிவிட்டா டேரன் வேற இடத்துல நிக்கலாம்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன்," என்றான் க்ளீட்டஸ்.

"இனி சீட்டுல என் பேரை எங்கயும் எழுதாதே."

க்ளீட்டஸ் கியரை மாற்றினான். நார்பர்ட் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் இரண்டு முறை குலுங்கியது. நான் ஐஸ் பையைச் சரியாக வைத்தேன். பத்தரை மணிக்கு ஒன்பது பண்ணைகளையும் முடித்து, பாலை இறக்கிவிட்டு, நகரத்தில் எலும்பு மருத்துவரிடம் போனோம். எப்போதிலிருந்து வலி என்று அவர் கேட்டார். நார்பர்ட் என் பக்கம் திரும்பாமலே, எட்டு வருடமாக என்று அவனே சொன்னான்.